எரிவளிக் குழாயும் ஏருழவன் நிலமும்

(கும்மிடிப்பூண்டியில் உழவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



'எரிவளியும் உழவும்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இத்தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "எரிவளிக்காகத் தரையைத் துளைப்பது தஞ்சையில் அன்றோ? திருவள்ளூர் மாவட்டத்து உழவனிடம் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது?" என்று வினவினார். நல்ல வினாவே. அதற்கு என் விடை இது: தஞ்சையில் எரிவளி தரையைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றது, இங்கே அது கப்பலில் வந்திறங்கித் தரைக்குள் புகுகின்றது. வெளிவருமிடத்திலும் உழவன் நிலம். உட்புகுமிடத்திலும் உழவன் நிலம். இரண்டிடத்திலும் அவனைக் கேட்காமலேயே எல்லாம் முடிந்துவிடுகின்றன. எனவே தஞ்சையின் கதையை முதலில் சொல்லிப் பிறகு பொன்னேரிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் வருகின்றேன்.

காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவளியும் தேடும் வேலை 1960களிலேயே தொடங்கிவிட்டது. நடுவணரசின் எண்ணெய், இயற்கை எரிவளிக் கழகம் நரிமணத்தில் 1980களில் எண்ணெய் கண்டது. 1993இல் பனங்குடியில் எண்ணெய்த் துப்புரவாலை எழுந்தது. அக்காலத்தில் உழவர்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. நாட்டு வளர்ச்சி என்றார்கள், நம்பினோம். கேட்ட நிலத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். கிணறு தோண்டிய இடத்தைச் சுற்றி வேலி வந்தது. தீ நாக்கு ஒன்று இரவும் பகலும் எரிந்தது. வரப்பின் குறுக்கே குழாய் ஓடிற்று. அந்த எண்ணெய் எங்கே போகின்றது, என்ன விலைக்குப் போகின்றது என்று அவ்வூர் உழவன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு ஆளிருந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் 2010இல் வந்தது வேறு வகை. நிலக்கரிப் படுகைக்குள் ஒட்டிக் கிடக்கும் மீத்தேனை எடுப்பதற்கு, மன்னார்குடியை நடுவாகக் கொண்ட 691 சதுரக் கி.மீ. பரப்பைக் கிரேட் ஈசுட்டர்ன் எனர்சி என்னும் தனியார் நிறுவனத்திற்கு நடுவணரசு ஒப்பந்தத்தின் வழி கொடுத்தது. 2011 சனவரியில் அன்றைய தமிழக அரசும் அந்நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தமிழ், தமிழர் என்று நாள்தோறும் முழங்கிய ஆட்சிதான் அது! அதற்கடுத்து வந்த ஆட்சியும் உடனே அதைக் கிழித்தெறிந்துவிடவில்லை. மக்கள் தெருவிற்கு வந்தபிறகே 2013இல் வல்லுநர் குழு அமைத்து நிறுத்தி வைத்தது.

இம்முறை எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை உழவர்கள் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். நிலக்கரிப் படுகையில் மீத்தேன் தனியே அடைபட்டுக் கிடப்பதில்லை. அப்படுகையில் நிறைந்துள்ள நீரின் அழுத்தமே அதைக் கரியோடு ஒட்டவைத்துள்ளது. அந்த நீரை இறைத்து வெளியேற்றினால் அழுத்தம் குறையும். எரிவளி கரியை விட்டு நீங்கி மேலேறும். ஆகவே மீத்தேன் எடுப்பதென்றால் முதலில் நீரெடுப்பது என்று பொருள். மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்ட வேண்டும். கொட்டும் நீரும் உப்பு மிகுந்தது, பயிருக்கு ஆகாதது. கடலுக்கு அணித்தாயுள்ள சமவெளியில் உள்நாட்டு நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் அவ்விடத்தை நிரப்ப எது வரும்? கடல்தான் வரும்.

இதை மெய்ப்பிக்க ஆய்வுக்கூடம் எதற்கு? உங்கள் மீஞ்சூரே போதுமே! சென்னைக்கும் ஆலைகளுக்கும் நீர் வேண்டுமென்று மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்து இறைத்தார்கள். 1969ஆம் ஆண்டளவில் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. உட்புகுந்திருந்த உவர்நீர் 1983இல் ஏறத்தாழ 7 கி.மீ. வரை வந்துவிட்டது. நெல்லும் கத்தரியும் விளைந்த கொல்லைகளில் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. பின்னர் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், 2010இல், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தார்கள். நன்னீரை உப்பாக்கிவிட்டு உப்பு நீரை நன்னீராக்கும் திறமையை என்னென்பது! தஞ்சை உழவன் 2013இல் அஞ்சியது கற்பனைக்கு அன்று. நீங்கள் கண்ணால் கண்டு நாவால் சுவைத்த ஒன்றிற்கே அவன் அஞ்சினான்.

அவ்வச்சத்தை ஊரூராகச் சென்று விளக்கியவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். மீத்தேன் எதிர்ப்புப் பரப்புரையில் இருந்தபொழுதே 2013 திசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தது. 2015 அக்தோபரில், மீத்தேன் திட்டத்திற்கு இசைவில்லை என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. வெற்றிதான். ஆனால் ஒன்றரை ஆண்டு கடக்கவில்லை. 2017 பிப்பிரவரியில் 'ஐட்ரோகார்பன்' என்னும் புதுப்பெயரில் நெடுவாசலுக்கு இசைவு வந்தது. நீரகமும் கரியும் சேர்ந்த எல்லாவற்றிற்கும் பொதுவான பெயர் அது. எண்ணெயும் அதில் அடங்கும், எரிவளியும் அடங்கும், மீத்தேனும் அடங்கும். மீத்தேன் வேண்டா என்றவனிடம் மீத்தேனின் பாட்டனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்! பெயர் விளங்காத மொழியில் இருக்கும்பொழுது இது எளிதாகின்றது. 'நீரகக் கரிமம்' என்று முதல் நாளே தமிழில் எழுதியிருந்தால் நெடுவாசலின் பள்ளிப் பிள்ளையும் கண்டுகொண்டிருக்கும். நெடுவாசல் மக்கள் இருமுறை அமர்ந்து மாதக் கணக்கில் போராடினார்கள். அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவ, கேட்கப்போனவர்கள் அடிபட்டார்கள், பேராசிரியர் த. செயராமன் உள்ளிட்டோர் சிறைக்குச் சென்றார்கள்.

2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றப்பெற்றது. எண்ணெய், எரிவளித் தேடலும் துளைப்பும் புதிதாக வரக்கூடாது என்கின்றது அச்சட்டம். வரவேற்கின்றோம். ஆனால், அதன் உள்ளே இரண்டு ஓட்டைகள் உள்ளன. முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடாது என்பது ஒன்று. துறைமுகம், சாலை, மின்தடம் ஆகியவற்றோடு குழாய்த்தடங்களுக்கும் விலக்கு உண்டு என்பது மற்றொன்று. கிணறு கூடாது, குழாய் ஆகலாம்! இவ்விடத்தில்தான் தஞ்சையின் கதை முடிந்து உங்கள் கதை தொடங்குகின்றது.

எண்ணூரில் காமராசர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் நிறுவனம் நீர்ம எரிவளி முனையம் ஒன்றை அமைத்துள்ளது. 2019 மார்ச்சில் அது திறந்துவைக்கப்பட்டது. இந்தியாவின் கிழக்குக் கரையில் அவ்வகையில் அதுவே முதலாவது. ஆண்டிற்கு 50 இலக்கம் டன் கையாளும் ஆற்றலுடையது. எரிவளியைச் சுழிக்குக் கீழ் 162 பாகை வரை குளிர்வித்தால் அது நீர்மமாகும். பருமன் 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். அவ்வாறு சுருக்கிக் கப்பலேற்றிக் கத்தார் போன்ற நாடுகளிலிருந்து கொணர்ந்து, எண்ணூரில் சூடேற்றி மீண்டும் வளியாக்கிக் குழாயில் விடுகின்றார்கள். முதலில் மணலி ஆலைகளுக்குச் சென்றது. அதற்கப்பால் ஒரு நெடுங்குழாய். ஏறத்தாழ 1,400 கி.மீ. அதன் பெயரைக் கேளுங்கள்: எண்ணூர் – திருவள்ளூர் – பெங்களூர் – புதுச்சேரி – நாகப்பட்டினம் – மதுரை – தூத்துக்குடி. அப்பெயரில் இரண்டாவதாக நிற்பது உங்கள் திருவள்ளூர். வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் எரிவளி வழங்கும் உரிமம் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களுக்குக் குசராத்தைச் சேர்ந்த டோரண்ட் நிறுவனத்திற்கு 2018இல் கிடைத்தது. கத்தார் வளி, நடுவணரசுக் குழாய், குசராத்து விற்பனை. இதில் தமிழனுடையது எது? குழாய்க்கு மேலுள்ள மண் மட்டும்.

அம்மண்ணும் எவ்வளவு தமிழனுடையது என்று இப்பொழுது பார்ப்போம்.

குழாய் பதிக்க நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. 1962இல் நடுவணரசு இயற்றிய சட்டமொன்று உள்ளது. அதன்படி எடுக்கப்படுவது நிலத்தின் 'பயன்பாட்டு உரிமை'. பெயரைக் கவனியுங்கள். பட்டா உங்கள் பெயரில். வரி நீங்கள் கட்டவேண்டும். பயன்பாட்டு உரிமை மட்டும் அவர்களுக்கு! அந்நிலத்தில் நீங்கள் வீடு கட்டக்கூடாது. கிணறு வெட்டக்கூடாது. குளமோ தேக்கமோ அமைக்கக்கூடாது. மரம் நடக்கூடாது. இவை நானாகச் சொல்வன அல்ல. அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்வன. நெல் விதைக்கலாம், கடலை போடலாம். தென்னையோ மாவோ வைக்கக்கூடாது. ஊத்துக்கோட்டைப் பக்கத்து மாந்தோப்புக்காரர்களை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு இழப்பீடு எவ்வளவு? வெட்டிய மரத்திற்கும் அழிந்த பயிருக்கும் தனியே தருவார்கள். நிலத்தைக் கட்டிப்போட்டதற்கு, அறிவிக்கை நாளில் அந்நிலத்திற்குள்ள சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு ஏக்கர் உழவன் ஒருவன். அவன் நிலம் சதுரமாக இருந்தால் பக்கத்திற்கு ஏறத்தாழ 90 மீட்டர். கொங்கு நாட்டில் கேட்டதுபோல் 20 மீட்டர் அகலத்தில் குழாய்த்தடம் நடுவே செல்கின்றது. 1,800 சதுர மீட்டர். ஏறத்தாழ 45 சென்ட் போயிற்று. ஏக்கர் 40 இலக்கம் உரூபா என்று கணக்கிற்காகக் கொண்டால் அந்த 45 சென்டின் விலை 18 இலக்கம். அவன் கைக்கு வருவது 1 இலக்கத்து 80 ஆயிரம். சந்தை மதிப்பு என்று சொல்லிவிட்டு அரசின் வழிகாட்டி மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால் அதுவும் சுருங்கும். சரி, எஞ்சிய ஒன்றரை ஏக்கர்? அது இரண்டு துண்டாகக் கிடக்கின்றது. ஒரு துண்டில் கிணறு, மறு துண்டில் கிணறில்லை. நடுவே குழாய் ஓடும் நிலத்தை வாங்க எவன் வருவான்? வங்கி அதை ஈடாக எவ்வளவிற்கு எடுத்துக்கொள்ளும்? மகள் திருமணத்திற்கோ மகன் படிப்பிற்கோ விற்கலாம் என்று வைத்திருந்த நிலம் அது. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இடர் பற்றியும் ஒரு சொல். 2014 சூன் 27ஆம் நாள் ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்து நகரம் என்னும் ஊரில் கெயில் நிறுவனத்தின் எரிவளிக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடியற்காலையில் உறக்கத்தில் இருந்தவர்கள். தென்னைகள் நின்றபடியே கரிந்தன. எல்லாக் குழாயும் வெடிக்கும் என்று அச்சுறுத்த நான் வரவில்லை. நன்கு பேணிய குழாய் பல்லாண்டு ஏதமின்றி ஓடும் என்பதும் உண்மை. ஆனால், பேணுகின்றார்களா இல்லையா என்று அறியும் உரிமை அதன்மேல் குடியிருப்பவனுக்கு இல்லை என்பதே என் குறை.

எதிர்த்து நின்றவர்கள் இல்லையா? கொங்கு நாட்டு உழவர்கள் நின்றார்கள். கொச்சியிலிருந்து பெங்களூர் செல்லும் கெயில் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் ஏறத்தாழ 310 கி.மீ. விளைநிலத்தின் ஊடே செல்வதாகத் திட்டம். "குழாய் வேண்டா என்று சொல்லவில்லை, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள்" என்பதே அவர்கள் கேட்டது. இதைவிடப் பணிவான கோரிக்கை இருக்க முடியுமா? 2013இல் முதலமைச்சர் செயலலிதா உழவர் பக்கம் நின்று, விளைநிலத்தில் பதிக்கக்கூடாது என்றார். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் அறமன்றம் அம்முடிவைத் தள்ளியது. 2016 பிப்பிரவரி 2ஆம் நாள் உச்ச அறமன்றமும் கெயில் பக்கமே தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த அரசு, தமிழ்நாட்டு உழவனுக்காக, தமிழ்நாட்டு மண்ணில் ஒரு குழாயைச் சிறிது நகர்த்த இயலவில்லை! அதன்பிறகும் அச்சிக்கல் ஓயவில்லை. 2022 ஏப்பிரலில் தருமபுரி மாவட்டத்தில் நிலம் அளக்க வந்ததை எதிர்த்துப் போராடிய உழவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஏன் இயலவில்லை? வேர் இங்கே உள்ளது. அரசமைப்புச் சட்டத்தில் நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. எண்ணெய் வயல்களும் கனிம எண்ணெயும் ஒன்றியப் பட்டியலின் 53ஆம் உருப்படி. எரிவளி எதில் சேரும் என்ற வழக்கு குசராத்து மாநிலத்தின் சட்டமொன்றை ஒட்டி எழுந்தது. அம்மாநிலம் 2001இல் தன் எரிவளிக்குத் தானே சட்டம் செய்தது. 2004இல் உச்ச அறமன்றம், எரிவளி முழுமையும் ஒன்றியத்திற்கே, மாநிலத்திற்குச் சட்டமியற்றும் உரிமை இல்லை என்று கருத்துரைத்தது. ஆக, மேலே மண் நம்முடையதாம். கீழே உள்ளதும் ஊடே செல்வதும் தில்லியுடையதாம். வடவெல்லைப் போராட்டத்தில் சிறை சென்று, 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணியை மீட்டுச் சேர்த்த மாவட்டம் இது. ஊரை மீட்டோம்; ஊருக்கு அடியிலுள்ளதை மீட்கவில்லை. தமிழ்நாட்டரசு ஆணை போடுவதும் ஒன்றிய அரசு வேறு பெயரில் வருவதும் மாறிமாறி நடப்பதற்கு இதுவே அடிப்படை. இராமநாதபுர மாவட்டத்தில் ஆய்வுக் கிணறுகளுக்குச் சூழல் இசைவு வழங்கப்பட்ட செய்தி 2025இல் வெளிவந்து, அரசு இசைவளிக்கமாட்டோம் என்று அறிவிக்க நேர்ந்ததையும் பார்த்தோம். ஆட்சிதோறும் இந்த விளையாட்டு!

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "ஐயா, நீங்கள் விறகடுப்பிலா சமைக்கின்றீர்கள்?" இல்லை. என் வீட்டிலும் எரிவளிதான். நிலக்கரியைவிட எரிவளி புகை குறைந்தது என்பதையும், மணலி உர ஆலை நாப்தாவை விட்டு எரிவளிக்கு மாறியதையும் நான் மறைக்கவில்லை. அந்த உரம் உங்கள் வயலுக்கும் வருகின்றது. எரிவளி வேண்டுமா வேண்டாவா என்பதன்று வழக்கு. நாட்டிற்கு ஒரு பொருள் தேவையென்றால் அதன் சுமையை ஏன் இரண்டு ஏக்கர் உழவன் தலையில் மட்டும் ஏற்றுகின்றீர்கள்? நெடுஞ்சாலைக்கு ஓரமுண்டு, இருப்புப்பாதைக்கு ஓரமுண்டு. அங்கே செலவு கூடும் என்கின்றார்கள். கூடட்டுமே! அந்தச் செலவை எரிவளி விற்கும் குழுமம் ஏற்கட்டும். இப்பொழுது அந்த மிச்சத்தை யார் கொடுக்கின்றார்? 10 விழுக்காடு வாங்கிக்கொண்டு 90 விழுக்காட்டை உழவன் கொடுக்கின்றான். வலிந்து பெறும் கொடை!

"வேலை வரும், ஊர் வளரும்" என்பாரும் உளர். சிப்காட்டு வந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்க உங்களுக்கு உரிமை மிகுதி. தேர்வாய்க் கண்டிகையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மாடு மேய்த்தும் காட்டைப் பேணியும் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரைத் தொழிற்பூங்காவிற்கு எடுத்தார்கள். பிரான்சு நாட்டு மிச்லின் உருளி ஆலை வந்தது. பூங்காவில் ஆலை எழுந்தது. மேய்ச்சல் போன வீட்டில் மாடு எங்கே போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். ஆலையிலாவது நாலு பேருக்கு வாயிற்காவல் வேலை கிட்டும். புதைத்த குழாயில் அதுவும் இல்லை.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கின்றேன். குழாய்த்தட அறிவிக்கை முதலில் இந்திய அரசிதழில் வரும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். உங்கள் புல எண் உங்களுக்குத் தெரியாத இரண்டு மொழிகளில் அச்சேறும். அப்படிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தரவேண்டும். 22ஆம் நாள் கொடுத்தால் கேட்கும் கடப்பாடு அவர்களுக்கு இல்லை. எனவே செய்தித்தாளின் சிறு அறிவிப்புகளையும் வட்டாட்சியர் அலுவலகப் பலகையையும் ஊர் இளைஞர் இருவர் முறைவைத்துப் பார்த்துவரல் வேண்டும். மறுப்பைத் தமிழில் எழுதுங்கள். அலுவலர் ஆங்கிலத்தில் கேட்டால், அறிவிக்கையின் தமிழ்ப்படியை முதலில் கொடுங்கள் என்று நீங்கள் கேளுங்கள். மறுப்புக் கொடுத்தவனை நேரிலோ வழக்கறிஞர் வழியாகவோ கேட்டாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு. அந்தக் கேட்பிற்குத் தனியே போகாதீர்கள், தடத்திலுள்ள எல்லா உழவரும் ஒரே நாளில் போங்கள். மறுப்பில் வெறுமனே 'வேண்டா' என்று எழுதினால் ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். கிணறு எங்குள்ளது, மரம் எத்தனை, தடம் நிலத்தை எப்படி இரண்டாக்குகின்றது, அருகில் எந்தச் சாலை ஓரத்தில் கொண்டுபோகலாம் என்பவற்றை வரைபடத்தோடு காட்டுங்கள். அளக்க வந்தவரிடம் எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். இழப்பீட்டுத் தொகை குறைவென்றால் மாவட்ட அறமன்றத்திற்குச் செல்ல வழியுண்டு. தொகையை வாங்கும்பொழுதே 'மறுப்போடு பெற்றேன்' என்று தமிழில் எழுதிப் பெறுங்கள். பட்டா இன்னும் பாட்டன் பெயரில் கிடக்கும் வீடுகள் இங்கே பலவுண்டு. அறிவிக்கை வருமுன் அதைப் பெயர் மாற்றிவிடுங்கள், இல்லையேல் இழப்பீடும் வராது, மறுப்பும் செல்லாது என்பார்கள்.

புல எண்களை எழுதிக்கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். வரைபடத்தை விரித்துப் பார்ப்போம்.